பாண்டிய நாட்டுக்கு வந்த அரபுக் குதிரைகள்

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் அரபு நாட்டுக் குதிரைகளையும் பாரசீகக் குதிரைகளையும் கடல்வழியாக வாங்கினர். ஒவ்வொரு குதிரைக்கும் பொன்னாகவே விலை கொடுத்தனர். ஆனால் அப்படி வாங்கிய குதிரைகள் நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை என்று அக்கால அயல்நாட்டுக் குறிப்புகள் இரண்டு கூறுகின்றன. ஒன்று வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோவின் குறிப்பு. மற்றொன்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் குறிப்பு.

புதிதாகக் குதிரை வாங்கியவர் அதற்கு என்ன கொடுப்பது, எங்கே கட்டுவது, எப்படிப் பழக்குவது என்று திகைப்பது இன்றும் உள்ளதுதான். பாண்டிய நாட்டில் இந்தத் திகைப்பு தனிமனிதரோடு நிற்கவில்லை. கருவூலமும் படையும் அதனால் பாதிக்கப்பட்டன. குதிரை இறக்கும் துறைமுகம் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது; தலைநகர் மதுரை. இரண்டுக்கும் இடையில் இன்றைய சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பகுதியின் கரிசல் நிலம் கிடக்கிறது. ஆகவே இது இவ்வட்டார மக்களின் முன்னோர் கண்முன் நடந்த வரலாறு என்றும் கொள்ளலாம்.

தமிழகமும் குதிரையும்

யானை தமிழகத்துக் காடுகளில் இயல்பாக வாழ்வது. குதிரை அப்படியல்ல. அது மத்திய ஆசியாவின் பரந்த புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட விலங்கு. குளிர்ச்சியும் வறட்சியும் கலந்த காற்று, ஓடுவதற்கு வெட்டவெளி, நாள் முழுவதும் மேய்வதற்குப் புல் ஆகிய மூன்றும் அதன் உடலமைப்போடு ஒட்டியவை.

சங்க காலத்திலேயே குதிரைகள் கப்பலில் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாட்டுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் குதிரை கொண்டுவந்ததை மதுரைக்காஞ்சியும் கூறுகிறது. குதிரையைப் பழக்கிப் பேணுபவருக்கு 'வாதுவர்' என்ற சொல் பழந்தமிழில் உண்டு. எனவே குதிரை தமிழருக்கு முற்றிலும் புதியது என்று சொல்ல முடியாது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் வந்த எண்ணிக்கை முன்பு இல்லாத அளவு. ஒரே ஆண்டில் ஆயிரம் குதிரைகளுக்கு மேல் வந்து இறங்கும்போது, அத்தனைக்கும் பழகிய கைகள் கிடைத்திருக்குமா என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

காயல் துறைமுகமும் குதிரை வணிகமும்

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரசேறினான். அவன் காலத்தில் பாண்டியர் ஐவர் சேர்ந்து நாட்டை ஆண்டதாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அவர் 'காயல்' என்று குறிப்பிடும் துறைமுகத்தில் ஏடன், ஓர்முசு, கீசுத் தீவு ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்றன. அது தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலுள்ள பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் கண்டார்.

வஸ்ஸாபின் குறிப்பில் வணிகக் கணக்கு தெளிவாக உள்ளது. கீசுத் தீவின் தலைவரும் பெருவணிகருமான சமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. கணக்கிட்டால் ஆண்டுக்கு 3,08,000 தினார். வழியில் கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியக் கருவூலமே கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் அடங்கும்.

சமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் பாண்டிய அரசில் அமைச்சர் நிலையில் இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. விற்பவரின் தம்பியே வாங்குபவரின் அமைச்சர். ஒப்பந்தம் விற்பவருக்குச் சாதகமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மார்க்கோ போலோ கூறுவது

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் 1292-93 அளவில் இக்கரையைக் கடந்தார். மன்னர் ஒருவர் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். காரணமாக அவர் மூன்று செய்திகளைச் சொல்கிறார்.

முதலாவது, குதிரைகளைக் கவனிக்கும் முறை இங்குள்ளோருக்குத் தெரியவில்லை. இரண்டாவது, குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தனர். இங்கு நெல்லைத் தவிர வேறு தானியம் விளைவதில்லை என்றும் அவர் கருதினார். மூன்றாவது செய்தியே முக்கியமானது. லாடம் கட்டுவதும் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பதும் அறிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர விரும்புவோரையும் வரவிடுவதில்லை. குதிரைகள் இறந்தால்தான் மறுஆண்டும் வணிகம் நடக்கும் என்பதே அவர்களின் எண்ணம் என்கிறார் போலோ.

நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, சவாரிக்கு உதவாததாக இருந்தது என்றும் அவர் கூறுகிறார்.

வஸ்ஸாபு கூறுவது

குதிரை வந்து இறங்கிய பின் என்ன நடந்தது என்பதை வஸ்ஸாபு இன்னும் விரிவாகச் சொல்கிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் பக்குவம் செய்த தானியமும் தீனியாகக் கொடுக்கப்பட்டன. காய்ச்சிய பசும்பாலும் குடிக்கக் கொடுத்தனர். குதிரை கொழுக்க வேண்டும் என்று 40 நாள் இலாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைத்தனர். அதன்பின் எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடி முதலிய சவாரிக் கருவிகளும் இல்லாமல், படைவீரர்கள் ஏறி விரட்டினர். வலிமையும் வேகமும் கொண்டு வந்த குதிரைகள் சில நாளிலேயே தளர்ந்து மந்தமாகிப் பயனற்றுப் போயின. ஆகவே ஆண்டுதோறும் புதுக் குதிரை வாங்குவது தவிர்க்க முடியாததாயிற்று என்கிறார்.

இக்குறிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குதிரையைப் புறக்கணித்ததாக வஸ்ஸாபு கூறவில்லை. நெய், பால், நிழல், ஓய்வு என்று செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது போன்ற கவனிப்பே அதற்குக் கிடைத்தது. அன்பு குறைந்ததாகவும் தெரியவில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் நல்லது குதிரைக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணியதே பிழை.

குதிரைகள் ஏன் இறந்தன

இன்றைய கால்நடை மருத்துவ அறிவைக் கொண்டு பார்த்தால் மேற்கண்ட குறிப்புகளில் பல செய்திகள் பொருள்படுகின்றன.

குதிரை மாட்டைப் போல அசைபோடும் விலங்கு அல்ல. அதற்கு ஒரே இரைப்பை. அதுவும் உடலின் அளவுக்குச் சிறியது. எனவே அது ஒரே நேரத்தில் நிறையத் தின்பதற்கு ஏற்றதன்று. நாளில் பெரும்பகுதி சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கே அதன் குடல் அமைந்துள்ளது. தின்றது ஒவ்வாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. திடீரென்று தானியமும் கொழுப்பும் மிகுந்த தீனிக்கு மாற்றினால் கடும் வயிற்றுச் சூலை உண்டாகும். குதிரைகள் இறப்பதற்கு இன்றும் இது ஒரு முதன்மைக் காரணம்.

அடுத்தது குளம்பு. மிகுதியான தானியத் தீனி, குளம்பின் உட்புறத் திசுக்களில் அழற்சியை உண்டாக்கும். குதிரை நடக்கும்போது குளம்பு அழுந்தி விரிவதால் காலில் இரத்த ஓட்டம் சீராகிறது. 40 நாள் கட்டிப்போட்ட குதிரைக்கு இந்த நன்மை இல்லை. கொழுத்த உடலும் நோயுற்ற குளம்புமாக நிற்கும் குதிரையை லாடம் கட்டுபவர் பார்க்காமல், வீரர் ஏறி ஓட்டினால் விளைவு வஸ்ஸாபு சொன்னதுதான்.

மூன்றாவது, எலும்பு. அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி; கால்சியம் குறைவு. இதையே முக்கிய உணவாகத் தின்னும் குதிரையின் எலும்புகள் வலுவிழக்கும். போலோ சொன்ன கோணற்கால் குட்டிகளுக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நான்காவது, வெப்பமும் நோயும். குதிரை வியர்வையால் உடலைக் குளிர்விக்கும். கடலோரத்தின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. சில குதிரைகளுக்கு இத்தகைய தட்பவெப்பத்தில் வியர்வை சுரப்பதே நின்றுபோவதும் உண்டு. மேலும் இந்தியாவில் குதிரைகளைக் கொல்லும் 'சர்ரா' என்ற நோய், கடிக்கும் ஈக்களால் பரவுவது. அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கிரிபித் எவன்சு என்ற கால்நடை மருத்துவர் 1880இல்தான் கண்டறிந்தார். பாண்டியர் காலக் குதிரைகளில் எத்தனை இந்நோயால் இறந்தன என்று கூற இயலாது. ஆனால் அன்று உலகில் எந்த நாட்டு வைத்தியருக்கும் தெரியாத காரணங்களும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

கயிறு மாறுதல்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரியைப் பரியாக்கிய கதை அனைவரும் அறிந்தது. குதிரை வாங்கக் கருவூலப் பொருளுடன் அனுப்பப்பட்ட அமைச்சர் வாதவூரர் அப்பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். பின்னர் இறைவன் குதிரை வணிகராக வந்து, நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைத்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின.

இது பக்திக் கதை; வரலாற்றுச் சான்று ஆகாது. ஆயினும் இதில் ஒரு வணிக வழக்கம் இடம்பெறுகிறது. விற்பவர் குதிரையின் கயிற்றை வாங்குபவர் கையில் கொடுப்பதற்குக் 'கயிறு மாறுதல்' என்று பெயர். கயிறு மாறிய பின் குதிரைக்கு நேர்வது எதற்கும் விற்றவர் பொறுப்பல்ல. கதையில் பாண்டியன் ஏமாந்து நிற்பதும் இதனால்தான்.

இவ்வழக்கத்தைப் போலோவின் செய்தியோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். கயிறு கை மாறியது. அதோடு வரவேண்டிய அறிவு மாறவில்லை. அரபு நாட்டில் ஒரு குதிரை பிறந்தது முதல் அதன் பக்கத்திலேயே வாழ்ந்தவருக்கு, அது எதைத் தின்னும், எதற்கு மிரளும், எந்தக் குரலுக்குச் செவி திருப்பும் என்பது தெரியும். அவர் கப்பலில் வரவில்லை. காயலில் கயிற்றைப் பிடித்தவருக்கு அக்குதிரையைப் பற்றித் தெரிந்தது அதன் விலை மட்டுமே.

சான்றுகளை எப்படிப் படிப்பது

இவ்விரு குறிப்புகளையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. போலோ கடற்கரையை ஒட்டிச் சென்றவர். நெல்லைத் தவிர வேறு தானியம் இல்லை என்ற அவர் கூற்று சரியன்று. உள்நாட்டுப் புன்செய் நிலங்களில் கம்பும் சோளமும் வரகும் கொள்ளும் விளைந்தன. வஸ்ஸாபு சீராசு நகரைச் சேர்ந்தவர். வணிகர் வாய்மொழியாகக் கேட்டதைப் பதிவு செய்தவர். இருவருக்கும் செய்தி கிடைத்தது பெரும்பாலும் விற்பவர் பக்கத்திலிருந்து என்று கருதலாம். வாங்குபவர் அறியாதவர் என்று சொல்வது விற்பவருக்கு எளிது.

எண்ணிக்கையும் மிகைப்பட்டதாகவே தோன்றுகிறது. ஐந்து சகோதரரும் 2000 வீதம் வாங்கினால் ஆண்டுக்கு 10,000 ஆகும். பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியாவின் பல துறைமுகங்களுக்கும் சேர்த்து முன்பு சென்றுவந்த மொத்தமே 10,000 என்கிறார் வஸ்ஸாபு. மேலும், 1311இல் மாலிக் கபூர் தென்னாட்டிலிருந்து 5000 குதிரைகளைக் கொண்டு சென்றதாக அமீர் குசுரு எழுதியுள்ளார். ஆண்டு முடிவில் நூறு குதிரையும் எஞ்சாத நிலையில் இவ்வளவு பெரிய தொகை சேர்ந்திருக்க முடியாது.

நெய்யூட்டும் வழக்கமும் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பிற்காலத்தில் அக்பரின் இலாயக் குதிரைகளுக்கு நெய்யும் சர்க்கரையும் அளந்து கொடுத்ததை அயினி அக்பரி பதிவு செய்துள்ளது. எனவே தமிழருக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது என்று ஒரே சொல்லில் முடிப்பது முறையல்ல. தேவை பெருகிய வேகத்துக்கு ஏற்பப் பராமரிப்பு அறிவு பெருகவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

பின்வந்த காலத்தின் பாடம்

விசயநகர அரசும் இதே சிக்கலைச் சந்தித்தது. கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் சாளுவ நரசிம்மன் விலை கொடுத்தான் என்று போர்த்துகீசியரான நூனிசு எழுதியுள்ளார். கிருட்டிணதேவராயர் தாம் இயற்றிய ஆமுக்தமால்யதா என்ற தெலுங்கு நூலில், தொலைநாடுகளிலிருந்து யானையும் குதிரையும் கொண்டுவரும் வணிகருக்கு ஊரும் உறைவிடமும் நல்ல இலாபமும் கொடுத்து நட்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசருக்கு அறிவுரை கூறுகிறார். அந்நூலின் கதைக்களம் விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது குறிப்பிடத்தக்கது.

காலப்போக்கில் அறிவும் ஊன்றியது. குதிரைத் தீனியாகக் கொள்ளு நிலைபெற்றது. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழி, குதிரையை அருகிருந்து பார்த்தவர் வாயிலிருந்துதான் பிறந்திருக்க முடியும். குதிரை வீரரைக் குறிக்கும் 'இராவுத்தர்' என்ற சொல் தமிழ்ச் சமூகத்தில் ஒரு மரபுப் பெயராகவே நிலைத்தது. குதிரையின் இலக்கணம் கூறும் அசுவசாத்திரச் சுவடிகள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்பட்டன. 1824இல் ஓசூரில் படைக்குரிய குதிரைகளை வளர்க்கும் பண்ணை தொடங்கியது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. குதிரை வைத்தியரைக் கப்பலில் ஏற்றாத காலத்திலிருந்து, அவரை இங்கேயே உருவாக்கும் காலம்வரை ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆயின.

கரிசல் வட்டாரமும் புதுக் குதிரையும்

விருதுநகர் மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் குதிரை இன்று அதிகம் கண்ணில் படுவது அய்யனார் கோயில் வாசலில்தான். மண்ணாலும் சுதையாலும் ஆன அக்குதிரைகள் காவல் தெய்வத்தின் ஊர்திகள். உயிருள்ள குதிரைகளோ கோயில் விழா, திருமண ஊர்வலம், வண்டிப் பந்தயம் ஆகியவற்றில் தென்மாவட்டங்களில் இன்றும் உள்ளன. அவற்றைப் புதிதாக வாங்குவோருக்குக் காயல் துறையின் வரலாறு நேரடியாகவே பயன்படும்.

முதலாவது, தீனியைத் திடீரென மாற்றக் கூடாது. பழைய உரிமையாளர் கொடுத்ததையே தொடர்ந்து கொடுத்து, 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். புல்லும் உலர்தீவனமும் முதன்மை. கொள்ளும் பிற தானியமும் துணைதான். நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர்வரை தண்ணீர் தேவைப்படும். கோடையிலும் உழைப்பிலும் இன்னும் கூடும். இரண்டாவது, நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டுபவர் பார்க்க வேண்டும். மூன்றாவது, நாள் முழுவதும் கட்டிப்போடாமல் நடமாட விடவேண்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனிமை அதை வாட்டும்.

நான்காவது, பழக்கம். குதிரை இயற்கையில் வேட்டையாடப்படும் விலங்கு என்பதால், அஞ்சினால் ஓடுவதே அதன் தற்காப்பு. அதன் செவி மிகக் கூர்மையானது. பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்திலும், வெடி இல்லாமல் விழா நடக்காத ஊர்களிலும் புதுக் குதிரையை நேராகக் கூட்டத்துக்குக் கொண்டுசெல்வது ஆபத்து. முதல் சில வாரங்கள் ஏறாமல், ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே குரலில் தீனி கொடுத்து, தேய்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து நடத்திப் பழக்க வேண்டும். ஒலிக்குத் தொலைவிலிருந்து மெல்ல மெல்லப் பழக்கலாம். அச்சம் தெரிந்தால் பின்வாங்கிவிட வேண்டும். அடித்துப் பழக்கினால் ஒலியோடு அடியும் சேர்ந்து அதன் நினைவில் தங்கிவிடும்.

ஐந்தாவது, தெரிந்தவரிடம் கேட்பது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைத் தங்கிக் கற்று ஊர் திரும்பினர். அவர்கள் தீப்பெட்டியை வாங்கி வரவில்லை. செய்முறையைக் கற்று வந்தனர். குதிரை வாங்குபவருக்கும் இதுவே வழி. விற்பவரிடம் சில நாள் சென்று, அவர் எப்படித் தீனி வைக்கிறார், எப்படிக் கூப்பிடுகிறார், எங்கே தொட்டால் குதிரை ஒதுங்குகிறது என்று பார்த்த பின்னரே கயிற்றைக் கையில் வாங்க வேண்டும்.

பாண்டியர் கருவூலத்தில் பொன் இருந்தது. இலாயத்தில் இடம் இருந்தது. தீனியில் நெய்யும் இருந்தது. குதிரையை அறிந்த ஆள் மட்டும் குதிரையோடு வரவில்லை. அந்த ஒரு குறைக்காக ஆண்டுதோறும் உயிர்களும் பொன்னும் வீணாயின என்பதே காயல் துறை விட்டுச்சென்ற பாடம்.